பன்னிரண்டு வயது சுகுணா

அத்தியாயம் 14

கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் சுகுணா. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. மருந்து கன்னத்தில் வழிந்தது. பார்ப்பவர்கள் அழுகிறாள் என்று நினைப்பார்கள். அழவில்லை. அழுதால்கூட நல்லது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கண் அந்த அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"எரியற லைட்டை உத்துப் பாத்துட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உக்காந்தா கண்ணு காயாம என்னாம்மா பண்ணும்? தாள்ல படி" என்றார் தருமபுரி டாக்டர்.

தாளில் படிக்க அவளிடம் புத்தகம் இல்லை. இருந்ததெல்லாம் செல்போனில் வந்து விழுந்த பிடிஎஃப். அதை வைத்துத்தான் குரூப் டூ முதல்நிலைத் தேர்வைத் தாண்டினாள். முதன்மைத் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம். முப்பத்தொரு வயதில், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, அவள் பெயரில் அவளுக்கென்று நடந்த ஒரே காரியம் அதுதான்.

அதனால்தான் புருஷனிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: இ-ரீடர். கறுப்பு எழுத்து, சாம்பல் திரை, கண்ணில் வெளிச்சம் அடிக்காது. மாதவராஜ் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஓசூருக்குப் போனான். போன ஞாயிற்றுக்கிழமை டேப்லெட் வாங்கி வந்தான்.

"ரீடர்ல கலர் இல்ல, வீடியோ இல்ல, ஒண்ணும் இல்ல. காசு குடுத்து சிலேட்டு வாங்கச் சொல்றியா?" என்றான்.

எல்லாவற்றையும் அவனே போட்டுக் கொடுத்தான். சிம், மெயில், கணக்கு, பாஸ்வேர்டு. அவள் திறந்து படித்தால் போதும்.

சிலேட்டு என்ற சொல்லை அவன் அம்மா ஜானகியம்மாள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாத் திரையும் சிலேட்டுதான்.

"அந்தச் சிலேட்டைத் தூக்கி அக்கட்டால வை. கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாட்டம் இருக்குது."

ஜானகியம்மாள் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு புளி தட்டிக்கொண்டிருந்தாள். பென்னாகரத்தில் மாசி மாசத்தில் புளி தட்டாத வீடு குறைவு. கல்லின்மேல் பழத்தை வைத்து இரும்புக் கம்பியால் ஒரு போடு. கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம்.

"இன்னும் ஏழு வாரந்தாங்க அத்த."

"அதுக்குள்ள கண்ணு போயிட்டா? கலெக்டரு வேலைக்குக் கண்ணு வேணாமா?"

"கலெக்டர் இல்லீங்க அத்த. அது வேற பரிட்சை."

"எதோ ஒண்ணு."

"இதுல ஒரு நல்லது இருக்குது அத்த. ராத்திரி எட்டரை ஆனா தானா அணைஞ்சுக்குது. அப்புறம் காலைல ஆறுக்குத்தான் தொறக்கும். கண்ணு கெடக்கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்காங்களாம். உங்க மவன்தான் சொன்னாரு."

"பரவால்லியே" என்றாள் ஜானகியம்மாள். கம்பி இறங்கியது.

சுகுணா இதை ஒரு வாரத்தில் மூன்று பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

உள் அறையில் மாதவராஜ் கிடந்தான். ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்தவன். நைட் ஷிஃப்ட் பார்த்தவன் தூங்குவது தூக்கத்தில் சேராது. வாய் திறந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், யாரோ தள்ளிவிட்டுப் போன மாதிரி கிடப்பான். மதியம் வரை அவனை எழுப்பக் கூடாது.

பத்தரை மணிக்கு, சர்ச்சில் பூசை முடிந்து, ஸ்கூட்டரில் சில்வியா வந்தாள்.

சில்வியாவும் சுகுணாவும் தருமபுரி கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது சில்வியா பென்னாகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். வீட்டில் ஒன்பது வயதில் ஒரு மகள். கைப்பையில் ஒரு பழைய இ-ரீடர்.

"இந்தா. நாலு வருஷத்துச் சாமான். வாரத்துக்கு ஒருதரம் சார்ஜ் போட்டாப் போதும். நீ முன்ன கேட்டதுக்காகத் தொடச்சு எடுத்துட்டு வந்தன்."

"எங்கிட்டத்தான் டேப்லெட் இருக்குதேடி."

"அதான் கண்ணைப் பாத்தாலே தெரியுதே. வா மாடிக்கு. ரெண்டையும் வெயில்ல வெச்சுப் பாப்போம்."

மொட்டை மாடி முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. நடக்க ஒரு ஓரம்தான் மிச்சம். தண்ணித் தொட்டி மேடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

டேப்லெட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். அப்போதும் அவள் முகமும் பின்னால் வானமும்தான் தெரிந்தன. எங்கோ அடியில் அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பத்தி மங்கலாகக் கிடந்தது.

ரீடரில் எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது. வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாக ஆனது.

சுகுணா குனிந்து ஒரு பக்கம் படித்தாள். அடுத்த பக்கத்துக்குத் தட்டினாள். திரை ஒருமுறை கறுத்து, பிறகு எழுத்து வந்தது.

"என்னாடி, கெட்டுப் போச்சா?"

"அது கண்ணு சிமிட்டுது. நீ சிமிட்ட மாட்டேங்கிற இல்ல, உனக்கும் சேத்து அது சிமிட்டுது."

சுகுணா சிரித்தாள். பத்து நிமிஷம் படித்தாள். கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம் அந்த வாரத்திலேயே நல்ல நேரம். அவ்வளவுதான் கிடைத்தது.

பிறகு அவளுடைய பாடங்களை ரீடருக்கு மாற்றித் திறந்தார்கள். பதினோரு புத்தகம். நாலு ஒழுங்காக வந்தன. மூன்றில் தமிழ் உடைந்திருந்தது. 'கொள்கை' என்பதில் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு வட்டப் புள்ளி. 'பொருளாதாரம்' என்ற சொல்லை அவள் ஊகித்துத்தான் படித்தாள். மீதி நாலு, யாரோ புத்தகத்தை விரித்துப் போட்டோ எடுத்தது. ஆறு அங்குலத் திரையில் எழுத்து கடுகு அளவுக்கு வந்தது. பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்பட்டது. நிலப்படத்தில் காவிரியும் ரயில் பாதையும் ஒரே சாம்பல்.

"அவர் சொன்னது சரிதான்" என்றாள் சுகுணா. "இது எனக்கு ஆகாது."

"சரியும் இல்ல, தப்பும் இல்ல. மாத்திக் குடுக்கறதுக்கு ஒரு ஆப் இருக்குது. உன் டேப்லெட்ல போடு, பழைய போன்ல அது ஏறாது. போட்டோவை எழுத்தாக்கி, பெரிசு பண்ணி, இதுக்கு அனுப்பும். நான் அப்படித்தான் பண்றன். கலர் படம் வேணும்னா மட்டும் டேப்லெட்ல பாரு. எட்டு மணி நேரத்துல ஒரு மணி நேரம் அது, ஏழு மணி நேரம் இது. கண்ணு பொழைக்கும்."

சுகுணா நிழலுக்குப் போய் டேப்லெட்டில் அந்த ஆப்பைத் தேடினாள். கிடைத்தது. தட்டினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது.

*இதற்கு உங்கள் பெற்றோரின் அனுமதி தேவை. பெற்றோரிடம் கேட்கவும்.*

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. எங்கம்மா அரூர்ல பட்டன் போன் வெச்சிருக்குது. இது யாருகிட்டக் கேக்கச் சொல்லுது?"

சில்வியா சிரிக்கவில்லை. "குடு இங்க."

வாங்கி, எங்கெங்கோ தட்டிப் போனாள். அவள் விரல் வழி தெரிந்த விரலாகப் போனது. ஓரிடத்தில் நின்றது.

"சுகுணா, இது எம் மவ போன்ல வர்றது."

"என்னா வர்றது?"

"இந்தக் கட்டம். அவ ஏதாச்சும் கேம் போடணும்னா எங்கிட்டக் கேக்கும். நான் சரின்னா போடும். ராத்திரி எட்டு மணிக்கு அவ போனு தானா அணையும். நான்தான் அப்படி வெச்சிருக்கன்." நிறுத்தினாள். "இதெல்லாம் சின்னப் பசங்க கணக்குடி."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

பெயர் சுகுணா. வயது பன்னிரண்டு. அதன் கீழே குடும்பம் என்று ஒரு பட்டியல். மாதவராஜ், பெற்றோர். சுகுணா, பிள்ளை.

கீழே கம்பி புளியின்மேல் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. கூச்சம். கண்ணைக் காப்பாற்ற அதுவாக அணைகிறது என்று மூன்று பேரிடம் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அந்த மூன்று பேரில் சில்வியாவும் ஒருத்தி. கேட்டபோது சில்வியா, "அப்படியா, நல்லதாச்சே" என்று சொல்லியிருந்தாள். இப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

இரண்டாவதாக வந்தது 'பிள்ளை' என்ற சொல். பிள்ளைக்காகச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அவள் நாலு வருஷம் நடந்தாள். அவனுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து மாதவராஜ் வருவதை நிறுத்தினான். வராத பிள்ளை ஒருவழியாகப் பட்டியலில் வந்துவிட்டது. பன்னிரண்டு வயது. பெண்.

"இதுல அவரு என்னென்னா பாக்கலாம்?"

"நீ எதை எத்தினி நேரம் பாத்தன்னு தெரியும். எதைத் தேடினன்னு தெரியும்." சில்வியா தயங்கினாள். "நீ எங்க இருக்கறன்னு மேப்புல தெரியும்."

சுகுணா வெள்ளிக்கிழமையை நினைத்தாள். பையில் டேப்லெட்டைப் போட்டுக்கொண்டு அவள் பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே சவுரியப்பன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் வீட்டு மேல்மாடியில் படிப்பு அறை ஒன்று வைத்திருக்கிறார். பதினோரு நாற்காலி. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை. பேசக் கூடாது, போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் தாள் புத்தகங்கள் இருந்தன. திரையைப் பார்க்காமல் நாள் பூராவும் படிக்கலாம். வெளியே போயிருந்த சவுரியப்பன் வர இரண்டரை மணி நேரம் ஆனது. வந்து நாற்காலிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு காலியாவற மாதிரி இருக்குது. திங்கக்கிழமை வந்து பாரும்மா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. உறுதியான பிறகு வீட்டில் சொல்லலாம் என்று இருந்தாள். முன்னால் சொன்னால் முன்னாலேயே முடிந்துவிடும்.

"நீ கேப்பியா, நான் கேக்கட்டுமா?" என்றாள் சில்வியா.

"நீ கெளம்பு."

"ரீடர் இங்கியே இருக்கட்டும். பரிட்சை முடிஞ்சு குடு."

படி இறங்கும்போது சில்வியா ஒருமுறை திரும்பினாள். "எம் மவளும் இப்படித்தான் ஒரு நாள் நிப்பாளா?" என்று கேட்டாள்.

மதியம் ஒன்றரைக்கு மாதவராஜ் எழுந்து குளித்துவிட்டு இலையின் முன் உட்கார்ந்தான். கோழிக் குழம்பு. ஜானகியம்மாள் புளிக் கூடையை விட்டு நகரவில்லை. சுகுணா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் இரண்டு வாய் சாப்பிடும் வரை இருந்தாள்.

"ஏங்க, எனக்கு எத்தினி வயசு?"

"ஏன், பரிட்சைக்கு வயசு தாண்டிருச்சா?"

"சொல்லுங்க."

"முப்பத்தொண்ணு."

டேப்லெட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுல பன்னண்டுன்னு இருக்குது."

அவன் எட்டிப் பார்த்தான். மென்றுகொண்டே பார்த்தான். பதறவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் உறுத்தியது.

"அதுவா. செட்டிங்."

"யாரு வெச்சது?"

"நான்தான். வேற யாரு? கொழம்பு ஊத்து."

அவள் ஊற்றவில்லை. "எட்டரைக்கு அணையறது?"

"உன் கண்ணுக்குத்தான்."

"எங்கண்ணுக்கு நான் ரீடர் கேட்டன்."

"ரீடர்ல நீ பண்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மாதவராஜ்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தான். பிறகு, சரி, சொன்னது சொன்னதுதான் என்பது போல நிமிர்ந்தான்.

மாதவராஜ் மோட்டார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு போர்டு. ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி வந்தது, எத்தனை நிமிஷம் நின்றது என்று அதில் ஓடும். பத்து வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, போர்டு இல்லாத எதுவும் வேலை செய்யவில்லை என்று நினைக்கிற ஆளாகியிருந்தான்.

"செவ்வாக்கெழமை நாலு மணி நேரம் இருவது நிமிசம் தொறந்திருந்த. அதுல முப்பத்தஞ்சு நிமிசம் யூடியூப். புதன்கெழமை ரெண்டு மணி நேரந்தான். வூட்ல வேல செய்யாம படிக்கறன்னு சொல்றியே, படிக்கிறியா இல்லியான்னு நான் பாக்க வேணாமா?"

"புதன்கெழமை கண்ணு எரிஞ்சுது. தொறக்க முடியல."

"அது அதுல வராதில்ல?"

"கண்ணு எரியறது வராது."

"அதான் சொல்றன்." ஏதோ அவள் ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினான். "கம்பெனியில எல்லாரையுந்தான் பாக்கறாங்க. என்னையும் எம் மேனேஜரு பாக்கறான். நான் போய்ச் சண்டையா போடறன்?"

"நான் உங்க கம்பெனியில வேல செய்யலீங்க."

ஜானகியம்மாள் கம்பியை நிறுத்தாமலேயே சொன்னாள். "பாத்துட்டுப் போறான். புருசன் பாக்காம யாரு பாப்பாங்க? மறைக்கிறதுக்கு உங்கிட்ட என்னா இருக்குது?"

"கேளும்மா நல்லா" என்றான் மாதவராஜ். "வெள்ளிக்கெழமை பதினொண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் பாப்பாரப்பட்டியில என்னா வேலன்னு கேளு. சந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு தெரு. ஒரே வூடு. ரெண்டரை மணி நேரம்."

கம்பி நின்றது. ஜானகியம்மாள் மருமகளைப் பார்த்தாள்.

ஒரே வாக்கியம்தான் வேண்டியிருந்தது. அது படிப்பு அறை, பதினோரு நாற்காலி, ஒரு கிழவர். சொன்னால் முடிந்தது. சுகுணா வாயைத் திறந்தாள். இலைக்குப் பக்கத்தில் டேப்லெட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சொன்னால், அடுத்த வாரமும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும்.

"போயிருந்தன்" என்றாள். "என்னாத்துக்குன்னு சொல்ல மாட்டன்."

"பாத்தியாம்மா?"

"நீங்க நேரா கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன். மேப்புல பாத்துட்டுக் கேக்கறவருக்குச் சொல்ல மாட்டன். பன்னண்டு வயசுப் புள்ளைன்னு என்னைய எழுதி வெச்சிருக்கறவருக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

"என்னான்னு எழுதி வெச்சிருக்கான்?" என்றாள் ஜானகியம்மாள்.

இவ்வளவு நேரம் அவளுக்கு அது ஏதோ எண் என்றுதான் பட்டிருந்தது. சுகுணா டேப்லெட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஜானகியம்மாள் நாலாவது வரை படித்தவள். புளி ஒட்டிய விரலைத் திரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள்.

"மா-த-வ-ராஜ். பெற்-றோர்." நிறுத்தினாள். "சுகுணா. பிள்-ளை."

மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

"என்னாடா இது?"

"அது சும்மாம்மா. அந்தக் கணக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"கட்டுன பொண்டாட்டிய மவள்னு எழுதியிருக்கியா?"

"அய்யோ, பேரு அவ்வளவுதாம்மா. கம்ப்யூட்டர்ல..."

"தாலி கட்டுனவளுக்கு நீ அப்பனா? அடச்சீ!" ஜானகியம்மாளின் முகம் அருவருப்பில் கோணியது. வேவு பார்த்தது, மேப்பில் தேடியது எதுவும் அவளைத் தொடவில்லை. இது தொட்டது. "வேற ஒறவே இல்லியா அதுல? புருசன் பொண்டாட்டின்னு ஒண்ணு இல்லியா?"

"இருக்குது. பெரியவங்கன்னு போட்டா அதுல இதெல்லாம் பாக்க முடியாதும்மா. சின்னப் பசங்கன்னு போட்டாத்தான் பாக்க முடியும்."

ஜானகியம்மாள் புளிக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அப்ப பாக்கறதுக்காக மவளாக்கிட்ட" என்றாள் ஜானகியம்மாள் மெதுவாக.

மாதவராஜ் இலையை மூடினான். கோழி பாதி அப்படியே இருந்தது. கையைக் கழுவப் போகும்போது, "படிக்காததுங்ககிட்ட எதச் சொன்னாலும் இப்படித்தான்" என்றான். அம்மாவைச் சொன்னானா, முதல்நிலைத் தேர்வு தேறிய பெண்டாட்டியைச் சொன்னானா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

மூன்றரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தருமபுரி போய் ஓசூர் பஸ் பிடிக்க வேண்டும். வாசலில் நின்றான்.

"எது வேணும் உனக்கு? இதுவா, அந்தச் சிலேட்டா?"

"ரீடர்."

"அதுல பாதிப் பாடம் வராது. நான் கடையிலேயே கேட்டுட்டன்."

"தெரியும். பாத்துட்டன்."

"அப்புறம்?"

"வர்ற பாதியப் படிக்கறன்."

"அப்ப இதைக் குடு. சும்மா எதுக்கு இங்க கெடக்கணும்?"

சுகுணா டேப்லெட்டை நீட்டினாள். ஒரு வாரமாக அதில் எழுதி வைத்த குறிப்புகள் உள்ளே இருந்தன. பொருளாதாரம் முழுக்க. அவனுக்கும் அது தெரியும். செவ்வாய்க்கிழமை எத்தனை நிமிஷம் எழுதினாள் என்றுகூடத் தெரியும்.

"நோட்ஸ் வேணும்னா அனுப்பறன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. அவனைப் பொறுத்தவரை அது சமாதானப் பேச்சு. "பாப்பாரப்பட்டியில யாரு வூடுன்னு மட்டும் சொல்லு."

"வேணாம்."

"யாருன்னு சொல்றதுல என்னா?"

"வேணாங்க. நீங்களே வெச்சுக்கங்க."

அவன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தான். ஏழு வருஷத்தில் அப்படி அவன் போனது இல்லை.

சுகுணா ரீடரோடு மாடிக்குப் போனாள். வரும் நாலு புத்தகத்தில் ஒன்றைத் திறந்தாள். கண் எரியவில்லை. மனசில் எதுவும் ஏறவும் இல்லை. ஒரே பக்கத்தை ஆறு முறை படித்தாள். எத்தனை முறை படித்தாள் என்று எங்கும் பதிவாகவில்லை. அதை ஒரு லாபமாக நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஏழு பாடம் ரீடரில் வராது, ஏழு வாரமும் செல்போனுக்குத் திரும்பினால் கண் போகும் என்பதுதான் முன்னால் நின்றது.

ஐந்தரை மணி இருக்கும். கீழே ஜானகியம்மாளின் பட்டன் போன் அடித்தது. "ம்... ம்..." என்று மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து, "அதை நீயே அவகிட்டச் சொல்றதுதானே" என்று அவள் குரல். பிறகு ஒன்றும் இல்லை.

ஜானகியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தாள். மேலே வந்ததும் குனிந்து புளியைப் புரட்டிவிட ஆரம்பித்தாள். சுகுணாவைப் பார்க்காமலே பேசினாள்.

"பஸ்ல இருந்து பேசறான். இனிமே நீ எங்க போனாலும் கூட நான் போவணுமாம். போயிட்டு வந்து அவங்கிட்டச் சொல்லணுமாம்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னா சொல்றது? பெத்தவன் ஆச்சே." சொல்லிவிட்டு, சொன்னதில் ஏதோ சரியில்லை என்று பட்டு நிறுத்தினாள். "பெத்தவ ஆச்சே நான்" என்று திருத்தினாள். "கெட்டுப் போச்சு போ. வாயிலேயே மாறி மாறி வருது."

சுகுணா ரீடரை மூடினாள்.

"அத்த, நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸு."

ஜானகியம்மாள் புளியைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க?"

"பாப்பாரப்பட்டி."

"அதே வூடா?"

"அதே வூடுதான்."

"அவன் போன் பண்ணிக் கேப்பான். நான் பொய் சொல்ல மாட்டன்."

"சொல்லாதீங்க. பாத்ததச் சொல்லுங்க."

"உனக்குப் பயமில்லியா?"

"இருக்குது."

ஜானகியம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தாள். மருமகளின் கண்ணைப் பார்த்தாள். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. என்ன வீடு, யார் வீடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகுணா சொல்லியிருப்பாள்.

"எத்தினி நேரம் ஆவும் அங்க?"

"சாயங்காலம் ஆறு வரைக்கும்."

"அம்மாடி. அவ்வளவு நேரம் என்னால நிக்க முடியாது. நான் உக்காரறதுக்கு அங்க எடம் இருக்குதா?"

சுகுணா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். காலியாகப் போவது ஒரு நாற்காலி. அதுவும் காலியாகுமா என்று நாளைக்குப் போனால்தான் தெரியும்.